யாழ்ப்பாணத்தை யார் வரைகிறார்கள்?

போன தவணை வகுப்பில் எங்களுக்கு ஒரு சின்ன வேலை தந்தார்கள். ஒரு வெள்ளைத் தாளில், போனைப் பார்க்காமல், பத்து நிமிடத்துக்குள் யாழ்ப்பாண நகரத்தைக் கீற வேண்டும். நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள், கீறத் தெரியாது எண்டு கொஞ்சம் சிணுங்கிவிட்டு எல்லாரும் கீறிக் கொடுத்தோம். தாள்களைச் சுவரில் வரிசையாக ஒட்டிப் பார்த்தபோதுதான் வெட்கமாக இருந்தது. கிட்டத்தட்ட எல்லாத் தாளிலும் அதே நான்கு: கோட்டை, மணிக்கூட்டுக் கோபுரம், பொது நூலகம், நல்லூர்க் கோபுரம். சிலர் கலாசார மையத்தையும் உயரமாகச் சேர்த்திருந்தார்கள். இடையில் வெறும் கோடுகள். சனம் இல்லை, சந்தை இல்லை, குளம் இல்லை. கடல்கூட இல்லை.

மூன்று தாள்கள் மட்டும் வேறு மாதிரி இருந்தன. குருநகர்த் தோழி ஒருத்தி தாளின் மேல்பக்கம் முழுக்கக் கடலைக் கீறி, நகரத்தைத் தலைகீழாக அதன் கீழே வைத்திருந்தாள். "வாசலில நிண்டு பாத்தா எங்களுக்கு முதல்ல தெரியிறது கடல்தானே" என்றாள். கிளிநொச்சியிலிருந்து வருகிற ஒருவன் பஸ் நிலையத்தையும் அதைச் சுற்றியுள்ள கடைகளையும் மட்டும் கீறியிருந்தான், ஆனால் ஒரு தேத்தண்ணிக் கடையின் வாங்கு எந்தப் பக்கம் கிடக்கிறது என்பதுவரை. புத்தளத்திலிருந்து வந்து படிக்கிற தோழி சோனகத் தெருவில் ஒரு வீட்டைக் கீறியிருந்தாள். அந்த வீட்டை அவள் பார்த்ததில்லை. தாயார் சொல்லக் கேட்டது.

அந்த மூன்று தாள்களுக்காகத்தான் இதை எழுதுகிறோம். யாழ்ப்பாணத்தின் முகம் எண்டு நாங்கள் பகிர்கிற படங்களில் பெரும்பாலானவை, கட்டினவர்கள் தங்களைக் காட்டிக்கொள்ளக் கட்டியவற்றின் படங்கள். அவற்றைக் கேள்வி கேட்காமல் எங்கட அடையாளம் எண்டு எடுத்துக்கொண்டோம். அதனால்தான் இன்றைக்கு இந்த நகரத்தை யாரோ ஒரு மேசையில் விரித்து வைத்துத் திட்டம் போடும்போதும் எங்களுக்கு ஒரு கேள்வி கேட்கத் தோன்றுவதில்லை.

முதல் திட்டமிடலாளர்கள் படைக்காரர்

இன்றைய யாழ்ப்பாண நகரம் இருக்கிற இடமே ஒரு படையெடுப்பின் விளைவு. இராச்சியத்தின் தலைநகர் நல்லூர். 1619 இல் போர்த்துக்கேயர் இராச்சியத்தைப் பிடித்தார்கள். 1621 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது, நிர்வாகம் கடலோரப் பட்டினத்துக்கு மாறியது. கப்பலும் உதவிப் படையும் வந்து சேரக்கூடிய இடம் அதுதான். சனத்துக்கு எது வசதி என்ற கேள்விக்கு அந்த முடிவில் இடமிருக்கவில்லை.

1658 இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். போர்த்துக்கேயரின் கோட்டையை மாற்றி ஐந்து மூலைக் கோட்டையாகக் கட்டினார்கள். கோட்டைக்குக் கிழக்கே பிரதான வீதியும் பறங்கித் தெருவும் ஒழுங்கான கோடுகளாக நீண்டன. நாங்கள் பின்னேரம் காத்து வாங்கப் போகிற முற்றவெளி, கோட்டையை நோக்கி வருகிற எதிரிக்கு ஒளிய ஒரு மரமும் இருக்கக்கூடாது என்ற கணக்கில் வெளியாக விடப்பட்ட நிலம். பீரங்கிக்காக விட்ட அந்த வெளியில்தான் பிறகு எங்கட சனம் கூட்டம் போட்டது, கிரிக்கெட் அடித்தது. 1974 ஜனவரியில் தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாளில் செத்தவர்களின் நினைவுத்தூண்களும் அங்கேதான் நிற்கின்றன. ஆனால் எங்கட தாள்களில் கோட்டை இருந்தது, அந்தத் தூண்கள் ஒன்றிலும் இல்லை.

படங்களின் கதையும் இதேதான். இந்தக் குடாநாட்டைப் பற்றி அச்சில் வந்த பழைய படங்களில் முக்கியமானவை, ஒல்லாந்துப் பாதிரியார் பல்தேயஸ் 1672 இல் ஆம்ஸ்ரடாமில் வெளியிட்ட நூலில் இருக்கின்றன. யாழ்ப்பாணக் கோட்டையும் குடாநாட்டு ஊர்களின் தேவாலயங்களும் அதில் உண்டு. பெரும்பாலும் கட்டடம் நடுவில் பெரிதாக நிற்கும். ஊர்ச் சனம் அதன் அளவைக் காட்டப் போட்ட சின்ன உருவங்கள். மூன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு, ட்ரோனில் எடுத்த "எங்கள் யாழ்ப்பாணம்" வீடியோக்களைப் பாருங்கள். கட்டடம் பெரிது, சனம் புள்ளி. கமெரா எங்கட கைக்கு வந்துவிட்டது, பார்வை இன்னும் பல்தேயசிடமே இருக்கிறது.

மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு வருவோம். 1875 இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் நினைவாக எழுப்பப்பட்டது. வரைந்தவர் ஜே. ஜி. ஸ்மிதர், கொழும்பு நூதனசாலையை வரைந்த அதே அரசாங்கக் கட்டடக்கலைஞர். இளவரசர் கப்பலால் இறங்கியது கொழும்பில். ஆனால் அவர் வந்ததை நாங்கள் மறக்கக்கூடாது எண்டு இங்கே ஒரு கோபுரம். இன்றைக்கு அதை முகப்புப் படமாக வைத்து "யாழ்ப்பாணத்தான்டா" எண்டு போடுகிற எங்கட பெடியளில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியும்? கோபுரத்தை இடியுங்கோ எண்டு நாங்கள் சொல்லவில்லை. நூற்றைம்பது வருசமாக அதன் நிழலில் நிண்டு பஸ் பார்த்த சனத்துக்கும் அது சொந்தம். ஆனால் அது என்ன எண்டு தெரிந்துகொண்டு சொந்தம் கொண்டாடுவோம்.

நூலகம் மட்டும் வேறு கதை

இந்த நான்கிலும் நூலகத்தை நாங்கள் தனியாக வைப்போம். அது மேலே இருந்து வந்ததல்ல. 1933 இல் க. மு. செல்லப்பா என்ற ஒருவர் தன்ர வீட்டில் வைத்துத் தொடங்கிய வாசிப்பு முயற்சி அது. பிறகு ஊர் சேர்ந்தது, மாநகர சபை சேர்ந்தது. கட்டடத்தை வரைய சென்னையிலிருந்து நரசிம்மன் வந்தார், நூலக ஒழுங்குக்கு எஸ். ஆர். ரங்கநாதன் ஆலோசனை சொன்னார். 1959 இல் திறந்தார்கள். என்ன வேண்டும் என்பதை இந்த நகரம் தானே முதலில் முடிவெடுத்து, அதற்குப் பிறகு நிபுணர்களைக் கூப்பிட்டது. நகரத் திட்டமிடல் இப்படித்தான் நடக்க வேண்டும்.

1981 மே 31 இரவு தொடங்கி அதை எரித்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. பிறகு யுத்தத்தில் இன்னும் அடிவாங்கியது. கடைசியில் திருத்தி வெள்ளை பூசினார்கள். இன்றைக்குப் பேரூந்துகளில் வந்து இறங்குகிற சுற்றுலாப் பயணிகள் அந்த வெள்ளைக்கு முன்னால் நிண்டு படம் எடுக்கிறார்கள். எங்கட கேள்வி இதுதான்: எரிந்த சுவரில் ஒரு துண்டையாவது அப்படியே விட்டிருந்தால் என்ன? திருத்தினது பிழையில்லை. நூலகம் வேண்டும், பிள்ளைகள் படிக்க வேண்டும். ஆனால் வெள்ளை பூசுவதும் ஒரு திட்டமிடல் முடிவுதான். எதை மறக்கச் சொல்லலாம், எதை ஞாபகம் வைக்கச் சொல்லலாம் என்ற முடிவு. சீலைக்குப் பின்னால் தழும்பை மறைப்பது காயப்பட்டவரின் விருப்பமாக இருக்கலாம். மற்றவர்கள் சீலையை இழுத்து மூடிவிடுவது வேறு.

இப்ப நூலகத்துக்குப் பக்கத்தில், புல்லுக்குளக் கரையில், 11 மாடிக் கோபுரத்தோட கலாசார மையம் நிற்கிறது. இந்தியாவின் நன்கொடை. 2015 இல் இந்தியப் பிரதமர் அடிக்கல் வைத்தார், 2023 இல் சனத்திடம் கையளித்தார்கள். மண்டபத்தில் 600 பேருக்கு மேல் இருக்கலாம். பொது இடமே இல்லாத நகரத்துக்கு அது பெரிய விசயம், நாங்களும் அங்கே நாடகம் பார்த்திருக்கிறோம். 2025 ஜனவரியில் அதற்குத் "திருவள்ளுவர் கலாசார மையம்" எண்டு பெயர் மாற்றினார்கள். யாழ்ப்பாணம் என்ற சொல் காணாமல் போனது. சனம் சத்தம் போட்ட பிறகு ஊர்ப்பெயர் திரும்பச் சேர்ந்தது. நல்லது, சத்தம் போட்டதில் நாங்களும் இருந்தோம். ஆனால் கொஞ்சம் யோசியுங்கோ. ஒரு பெயர்ப் பலகைக்கு இவ்வளவு கோபப்பட்ட நாங்கள், நூலகத்தின் கும்பத்துக்குப் பக்கத்தில் 11 மாடி எழும்பினபோது, அந்த உயரம் இந்த இடத்துக்குச் சரியா எண்டு எப்ப கேட்டோம்? பெயர் எங்களுக்கு விளங்கும், வரைபடம் விளங்காது. விளங்காதபடிதான் அதை வைத்திருக்கிறார்கள்.

எங்கட பக்கத்துப் பிழை

எல்லாப் பழியையும் வெளியாருக்குப் போட்டுவிட்டுப் போக ஏலாது. முகநூலில் பழைய யாழ்ப்பாணப் படங்களைப் பகிர்கிற பக்கங்கள் இருக்கின்றன. கறுப்பு வெள்ளையில் நாற்சார் வீடு, தூண், முற்றம், வெள்ளை வேட்டியோட பெரியவர்கள். கீழே நூறு பேர் "அது ஒரு காலம்" எண்டு பெருமூச்சு விடுகிறார்கள். யாருடைய காலம்? அதே யாழ்ப்பாணத்தில், 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பிறகும், தேத்தண்ணிக் கடைக்குள் போய் இருந்து குடிக்கவும் கோயிலுக்குள் கால் வைக்கவும் 1960 களில் சனம் அடிவாங்கிப் போராட வேண்டியிருந்தது. அந்த நாற்சார் வீட்டின் படத்தில் படலைக்கு வெளியே நிண்டவர்கள் இல்லை. படம் எடுத்தவர் அவர்களைப் பார்த்துக் கமெராவைத் திருப்பவில்லை.

சோனகத் தெருவும் இப்படித்தான். 1990 ஒக்ரோபர் கடைசியில் யாழ்ப்பாண முஸ்லிம்களைச் சில மணித்தியால அவகாசத்தில் புலிகள் வெளியேற்றினார்கள். கடைகள், வீடுகள், பள்ளிவாசல்கள், ஒஸ்மானியாக் கல்லூரி எல்லாம் ஒரு நாளில் ஆள் இல்லாமல் போயின. ஒரு நகரத்தின் ஒரு பகுதியே வெட்டி எடுக்கப்பட்டது. ஐந்து வருசம் கழித்து, 1995 இல் அதே ஒக்ரோபர் 30 இல், எங்கட அம்மா அப்பாக்கள் இரவோடிரவாக நகரத்தை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தார்கள். இரண்டாவது இடப்பெயர்வைப் பற்றி எங்களிடம் கதைகளும் கவிதைகளும் ஓவியங்களும் நிறைய உண்டு. முதலாவதைப் பற்றி எங்கட வீடுகளில் எத்தனை பேர் வாய் திறந்திருக்கிறார்கள்? எங்கட தோழி தாயின் ஞாபகத்திலிருந்து வீட்டைக் கீற வேண்டியிருக்கிறது. இந்த நகரத்தின் படத்தொகுப்பில் அவளுக்குப் பக்கம் ஒதுக்காமல், எங்கட பக்கங்கள் எரிக்கப்பட்டதைப் பற்றி மட்டும் நாங்கள் கதைத்துக்கொண்டிருந்தால், யார் எங்களை நம்புவார்கள்?

பெயர் தெரியாத திட்டமிடலாளர்கள்

இந்த மண்ணில் திட்டமிடல் அறிவே இருக்கவில்லை, எல்லாம் வெள்ளைக்காரன் தந்தது எண்டு நினைத்தால் அதுவும் பிழை. சங்கடப்படலையை எடுங்கோ. படலைக்கு மேலே சின்னக் கூரை, பக்கத்தில் இருக்கத் திண்ணை. வீதியால் போகிறவன் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கலாம், வீட்டுக்காரரைக் கேட்கத் தேவையில்லை. தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல். மாடு உரஞ்ச ஆவுரஞ்சிக் கல். பருத்தித்துறையில் வீதியையே மூடி நிற்கிற தெருமூடிமடம். நடக்கிற மனிசரையும் மாட்டையும் கணக்கில் எடுத்துச் செய்த ஏற்பாடுகள் இவை. யார் வரைந்தது எண்டு ஒரு பெயரும் இல்லை. அந்தத் திண்ணையில் எல்லாரையும் இருக்க விட்டார்களா என்ற கேள்வி உண்டு, அதை மேலே கேட்டுவிட்டோம். ஆனாலும் அந்த யோசனை எங்களுக்குத் தேவை. இன்றைய எங்கட வீதிகளில் மதிலும் இரும்புக் கேற்றும்தான். பஸ்ஸுக்கு நிற்கிற ஒரு அம்மாவுக்கு இருக்க ஒரு கல்லாவது இல்லாத சந்திகள் எத்தனை?

குளங்களும் அப்படித்தான். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்கு அடியில் நிற்கிற மழைத்தண்ணிதான் எங்கட கிணறு. அந்தத் தண்ணியை நிலத்துக்குள் இறக்கியது ஆரியகுளம், புல்லுக்குளம், நாயன்மார்கட்டுக் குளம் போன்றவையும் அவற்றுக்கு வந்து போகிற வாய்க்கால்களும். இப்ப குளத்தைச் சுற்றி நடைபாதை போட்டு, லைற் போட்டு அழகாக்குகிறோம். ஆரியகுளத்தை 2021 இல் அப்படித்தான் திருத்தினார்கள். பின்னேரத்தில் அங்கே போய் இருக்க எங்களுக்கும் விருப்பம்தான். ஆனால் குளத்தின் வேலை தண்ணி வாங்குவது. வாய்க்கால் வீட்டு மதிலுக்கும் கடைக் கொட்டிலுக்கும் கீழே போய்விட்டால், லைற் போட்ட குளம் ஒரு பெரிய தொட்டி. 2024 நவம்பர் மழையில் வீட்டுக்குள் தண்ணி வந்தவர்களிடம் கேளுங்கோ. குளம் அழகாகப் படத்தில் வரும், வாய்க்கால் வராது. அதனால் காசும் வாய்க்காலுக்கு வராது. நகரத்தின் படத்துக்கும் நகரத்தின் வெள்ளத்துக்கும் உள்ள தொடர்பு அவ்வளவுதான்.

"நீங்கள் என்ன பாடம் செய்யிறீங்கள்?"

அந்தத் தாள்களைப் பார்த்த பிறகு, இந்த நகரத்துக்கு இப்ப என்ன திட்டம் இருக்கிறது எண்டு பார்க்க நாங்கள் நான்கு பேர் ஒரு அலுவலகத்துக்குப் போனோம். எந்த அலுவலகம் எண்டு சொல்லப் போவதில்லை, அங்கே இருந்த உத்தியோகத்தர் மரியாதையாகத்தான் கதைத்தார். "நீங்கள் என்ன பாடம் செய்யிறீங்கள், பிள்ளையள்?" எண்டு கேட்டார். வரலாறும் தமிழும் எண்டு சொன்னோம். "அப்ப இது உங்களுக்கு எதுக்கு?" என்றார். காட்டிய ஆவணம் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் இருக்கிறதா எண்டு கேட்டோம். "இதெல்லாம் ரெக்னிக்கல்" எண்டு சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் இருக்கவில்லை, எங்களை இன்னும் உறுத்துவது அதுதான். 1987 இன் 13 ஆம் திருத்தத்திலிருந்து தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி. தமிழர் பெரும்பான்மையாக வாழ்கிற நகரத்தின் எதிர்காலத்தை அந்த நகரத்துச் சனம் தங்கட மொழியில் வாசிக்க ஏலாமல் இருப்பது, அங்கே இருந்த தமிழர் ஒருவருக்கே சாதாரணமாகத் தெரிந்தது. குருநகரில் வலை பின்னுகிறவருக்குத் தன்ர வாசலில் கீறின சிவப்புக் கோடு என்ன எண்டு தெரிய ஆங்கிலம் படித்திருக்க வேண்டுமா?

எங்களுக்கு வரப்போகிற பதில்களும் தெரியும். "முதல்ல வேலை வேணும், றோட்டு வேணும், காண் வேணும், பிறகு அடையாளம் கதைப்பம்" என்பார்கள். நாங்கள் கதைப்பது காணைப் பற்றித்தான். எந்த ஒழுங்கைக்கு முதலில் காண் வரும், எந்த ஒழுங்கை காத்திருக்கும் என்பதை, இந்த நகரம் யாருடையது என்ற முடிவுதான் தீர்மானிக்கிறது. கடலை நிரவி எடுத்த நிலத்தில், றெக்கிளமேசன் பக்கத்தில் இருக்கிற சனத்தை நகரத்தின் படத்தில் யாரும் கீறுவதில்லை, அதே சனம்தான் பெரும்பாலும் வரிசையில் கடைசியாக நிற்கிறது. "திட்டமிடல் நிபுணர் வேலை, உங்களுக்கு என்ன தெரியும்" என்பார்கள். நிபுணர் வேண்டாம் எண்டு நாங்கள் சொல்லவில்லை. 1950 களில் இந்த நகரம் நரசிம்மனையும் ரங்கநாதனையும் கூப்பிட்டது. கூப்பிடும்போது தனக்கு என்ன வேண்டும் எண்டு அதற்குத் தெரிந்திருந்தது. எங்களுக்கும் அது தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

கேட்பவை

ஒன்று. நகரத்துக்கான எந்தத் திட்டமும் தமிழில் வேண்டும். அதுவும் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனி வரைபடமாக, வாசிகசாலைச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். இந்த ஊரில் வாசிகசாலை இல்லாத பகுதி இல்லை, சுவருக்குப் பஞ்சமில்லை. தர மறுத்தால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. விண்ணப்பம் எழுத நாங்கள் தொடங்கிவிட்டோம்.

இரண்டு. நகரத்தின் பெயரால் வைக்கப்படுகிற எந்தக் காட்சிக்கூடத்திலும் சோனகத் தெருவுக்கும் குருநகருக்கும் தேத்தண்ணிக் கடைப் போராட்டத்துக்கும் இடம் வேண்டும். அரச குடும்பத்தின் வாளும் ஒல்லாந்தரின் நாணயமும் மட்டும் வைத்தால் அது பாதி நகரம்.

மூன்று. வீடுகளில் கிடக்கிற படங்கள். எங்கட சனம் இடம்பெயரும்போது உறுதியையும் படங்களையும்தான் பையில் போட்டுக்கொண்டு ஓடியது. பழைய ஸ்ரூடியோப் படம், கலியாணப் படத்தின் பின்னணியில் தெரிகிற சந்தி, கடை திறந்த நாளில் எடுத்தது, எல்லாம் இந்த நகரத்தின் ஆவணம். நூல்களுக்கு 2005 இலிருந்து நூலகம் திட்டம் செய்ததைப் பாருங்கோ. தமிழ் விக்கிப்பீடியாவைத் தொடங்கிய மயூரநாதன் தொழிலால் கட்டடக்கலைஞர். எரிந்துபோன ஒரு நூலகத்துக்குப் பதில் சொல்ல ஆட்கள் அரசாங்கத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. படங்களுக்கும் அப்படி ஒரு வேலை வேண்டும்.

நான்காவது எங்களுக்கு நாங்களே சொல்வது. அடுத்த முறை கோட்டையின் அந்திவானப் படத்தைப் போட முதல், கமெராவைக் கொஞ்சம் திருப்புவோம். முற்றவெளித் தூண்களுக்கு, மீன் சந்தைக்கு, தண்ணி நிற்கிற ஒழுங்கைக்கு.

அந்த வகுப்புத் தாள்களை நாங்கள் எறியவில்லை. இன்னும் சேர்க்கப் போகிறோம். உங்கட வீட்டிலிருந்து சந்திக்குப் போகிற வழியை, போனைப் பார்க்காமல், ஒரு தாளில் கீறுங்கோ. அம்மம்மாவிடம் கொடுத்து அவவையும் ஒன்று கீறச் சொல்லுங்கோ. இரண்டையும் அனுப்புங்கோ. சோனகத் தெருத் தோழி தன்ர தாளைத் தாயாருக்குக் காட்டினாளாம். கிணறு பிழையான பக்கத்தில் இருக்கு எண்டு தாயார் சொன்னாராம். அதைத் திருத்தி, வடிவாகக் கீறித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.